மிளகாய்ச் செடியின் பகல் நேரம்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது நான் எடுத்தே தீருவது என்று அன்று காலை சபதம் செய்தேன். பெரிய முடிவுகளுக்கெல்லாம் என் மனைவி இருக்கிறாள். எனக்கு மிஞ்சியது பால்கனி மிளகாய்ச் செடி. அதை எப்போது பெரிய தொட்டிக்கு மாற்றுவது? அதை நான்தான் முடிவு செய்வேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொல்கிறேன். அப்போது எனக்கு வேலை போய் நாற்பத்தாறு நாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு கிடங்கில் இருப்பு சரிபார்த்தவன் நான். எந்தப் பெட்டி, எந்த அடுக்கு, எத்தனை என்று பார்த்து, தேதி, நேரம் குறித்து, கீழே கையெழுத்துப் போடுவேன். ஒரு திங்கட்கிழமை அந்த வேலைக்கு மெஷின் வந்தது. கணக்கைத் தீர்த்து, கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் தினமும் எட்டேகாலுக்குச் சாப்பாட்டு டப்பாவும் கையுமாகக் கிளம்புவேன். அடுத்த தெரு பஸ் ஸ்டாப்பில், வராத பஸ்ஸுக்காகக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருப்பேன். மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வையைச் சோதிப்பவள். அவள் ஒன்பதுக்குக் கிளம்பியதும் என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி நுழைவேன். சாயங்காலம் மறுபடி வெளியே போய், ஆறரைக்குக் களைத்த முகத்தோடு திரும்புவேன். அந்த முகத்துக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

நடுவில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்குத் துணை அந்தச் செடிதான். எனக்கு வேலை போன அதே வாரம் அவள் வாங்கி வந்தது. டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிய தொட்டி. இப்போது செடி ஒரு முழம் வளர்ந்து, அடித் துவாரத்தில் வேர் எட்டிப் பார்த்தது. காலையில் ஊற்றும் தண்ணீர் மண்ணில் தங்காமல் கீழே ஓடியது. பன்னிரண்டு மணிக்கு இலையெல்லாம் தலை தொங்கிவிடும். போக இடமில்லாதவன் பாடு எனக்குத் தெரியாதா?

பெரிய தொட்டிக்கு மாற்றலாமா என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் ஒரே பதில்தான்.

"இன்னும் நேரம் வரலைங்க. பூ விட்டிருக்கு. இப்ப தொட்டா உதிர்ந்துடும்."

பகலில் அது படும் பாட்டை எப்படிச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஆதாரம் இல்லாமல் இவள் மசிய மாட்டாள் என்று ஒரு நோட்டு போட்டேன். பத்து நாள் விடாமல் எழுதினேன். அன்று ஆறரைக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றியதும் அவளிடம் கம்பீரமாக நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "செவ்வாய், பகல் பன்னெண்டு, இலை தொங்கல். ரெண்டரை, இன்னும் தொங்கல். நாலு, லேசா நிமிர்ந்தது. கையெழுத்து வேறயா?"

"ஆதாரம்னா அப்படித்தாம்மா இருக்கணும்."

"செவ்வாய்க்கிழமை பன்னெண்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

நுணலாவது தன் வாயால் கெட்டது. நான் கையெழுத்துப் போட்டுக் கெட்டேன்.

எதிர்வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னேன் என்று உளறினேன். அவள் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"வேலை போயிடுச்சும்மா," என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

"தெரியும்."

"எப்ப?"

"முதல் நாளே. இருபத்திரெண்டு வருஷமா எச்சில் டப்பாவைத்தான் கொண்டு வருவீங்க. அன்னைக்குக் கழுவிக் கொண்டு வந்தீங்க."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கப்படுகிறவனுக்கு முதலில் வருவது அதுதானே. தெரிந்துகொண்டே என்னை இத்தனை நாள் பஸ் ஸ்டாப்பில் காத்துக் கிடக்க விட்டாயா என்று கேட்டேன்.

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்க. நீங்களா சொல்லணும்னு காத்திருந்தேன்." குரல் இறங்கியது. "பகல் முழுக்கத் தனியா உக்காந்து எதையாவது நினைச்சுட்டீங்கன்னா? பயந்துபோய்த்தான் செடி வாங்கி வெச்சேன். தினம் தண்ணி ஊத்தவாவது ஆள் வேணும்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, இப்ப நேரம் வந்துடுச்சு. தொட்டிய மாத்திடலாம்."

தொட்டி வாங்குவதாவது என் பொறுப்பு என்று சட்டையை எடுத்தேன். அதெல்லாம் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் நீங்கள் படுக்கிற பக்கம் பாருங்கள் என்றாள்.

குனிந்து பார்த்தேன். பெரிய தொட்டி, அதற்குள் ஒரு பை மண். கடைச் சீட்டில் செடி வாங்கிய அதே தேதி. இருபத்திரண்டு வருஷம் கிடங்கில் இருப்பு சரிபார்த்தவன், நாற்பது ராத்திரியாக அதற்கு மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்.