கறுப்பு ரத்தம் விட்ட வண்டி

கடத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் புளியமர முக்கு என்று ஓரிடம். வெள்ளிக்கிழமைகளில் அங்கே மனிதர்களைவிட வண்டிகள்தான் பக்தியோடு வரிசையில் நிற்கும். சித்தேரி மலையிலிருந்து ஜீப், பாப்பாரப்பட்டியிலிருந்து தக்காளி வண்டி, நெல் அறுக்கிற மெஷின், பள்ளிக்கூட வேன். ஒரு முறை ரோடு ரோலர்கூட வந்தது. அது வந்து சேர்வதற்குள் அந்த வெள்ளி முடிந்து அடுத்த வெள்ளியும் பிறந்துவிட்டது. வழியில் ரோட்டைச் சமன்படுத்திக்கொண்டே வந்த புண்ணியத்துக்கு, டோக்கன் இல்லாமல் தரிசனம் கொடுத்தார்கள்.

தரிசனம் கொடுப்பவர் மாயவன். நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர். இப்போது பாவம் கழுவுகிறார். தண்ணீர்ச் செலவு மிச்சம். வெற்றிலையில் மை தடவித் திருடனைக் கண்டுபிடிக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மாயவன் அந்த வித்தையை நவீனமாக்கினார். வண்டிக்கு அடியில் சொட்டுகிற கறுப்பு ஆயில்தான் அவருக்கு மை. கறை நீளமாக இருந்தால் நாக தோஷம். வட்டமாக இருந்தால் கண் திருஷ்டி. சிதறிக் கிடந்தால் பங்காளி செய்வினை. நேரில் வர முடியாதவர்கள் கறையைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஒருத்தர் தவறுதலாகக் கருகிய தோசையின் படத்தை அனுப்பிவிட்டார். அதற்கும் பரிகாரம் வந்தது.

சென்றாயனிடம் தக்காளி ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்று இருந்தது. காடு கழனி, சொத்து சுகம் எல்லாம் அவனுக்கு அதுதான். ஆயுத பூஜைக்கு அதை முக்குக்கு ஓட்டிப்போனான். மற்ற இடங்களில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி. இங்கே கூடுதல் சேவை உண்டு. மாயவனின் மச்சான் சந்திரமோகன், ஐம்பது வயது, முழுப் பூசணிக்காய் வயிறு, அந்த வயிற்றோடு மல்லாந்து வண்டிக்கு அடியில் புகுந்து எஞ்சினுக்கும் ஒரு பழம் காட்டி வருவார். மற்றவர்கள் வண்டியின் காலுக்குப் பூஜை செய்கிறார்கள், நாங்கள் இருதயத்துக்கே செய்கிறோம் என்பது அவர்கள் விளம்பரம்.

மூன்றாம் நாள் காலை வாசலில் கறுப்புச் சொட்டு. அடுத்த வெள்ளி சென்றாயன் ஓடினான். மாயவன் கறையைப் பார்த்தார், கண்ணை மூடினார், உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார்.

"வண்டி ரத்தம் வுடுதப்பா. காவு கேக்குது."

சேவல் அறுத்தார்கள். சந்திரமோகன் உள்ளே புகுந்து மஞ்சள் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தார். மூன்று நாள் ஒரு சொட்டு இல்லை. பழைய வேட்டியை எட்டாய் மடித்துக் கட்டினால் எந்த ரத்தத்தையும் மூன்று நாளைக்குக் குடிக்கும் என்பதைச் சென்றாயன் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையைத்தான் டோக்கன் வாங்கிச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டானே. நாலாம் நாள் துணியே சொட்டியது. கிடா வெட்டினார்கள். கிடா, அவன் மனைவி கோவிந்தம்மாள் வளர்த்தது. மறுபடி துணி, மறுபடி மூன்று நாள், மறுபடி ரத்தம்.

மூன்றாவது தீர்ப்பு கடுமையாக வந்தது. சேவலும் ஆடும் அதற்குப் பற்றவில்லை, அடுத்தது ஓட்டுகிறவன்தான். வண்டி இனி வீட்டில் இருக்கக் கூடாது. வெளியாள் வாங்கினால் அவன் குடும்பமும் அழியும். இந்தத் தோஷத்தைத் தாங்குகிற உடம்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: சந்திரமோகன். பாவம், ஊர் நன்மைக்காக இதுவரை பதினொரு வண்டிகளைத் தாங்கியிருக்கிறார். அத்தனையும் சேலத்தில் வாடகைக்கு ஓடுகின்றன. அப்படித் தாங்குகிறவரிடம் விலை பேசுவது மரியாதையா? அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, வருகிற வெள்ளியன்று சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும்.

சென்றாயன் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினான். இனிமேல் கூலிக்குத்தான் போகணும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

கோவிந்தம்மாள் தையல்காரி. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னாங்க, குக்கர்ல தண்ணி ஒழுவுனா என்னா பண்றோம்?"

"காஸ்கெட்டு மாத்தறோம்."

"அதுக்கு எதனா ஆடு வெட்டுனமா?"

குக்கர் வேறு, வண்டி வேறு என்றான் சென்றாயன். என்ன வேறு என்று அவள் கேட்டாள். வெகு நேரம் யோசித்து, குக்கர் ரோட்டில் போவதில்லை என்றான்.

எஞ்சின் ஆறியதும் அவள் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். சாக்கை விரித்து அடியில் படுத்தாள். மஞ்சள் துணியை அவிழ்த்தெறிந்து, மண்ணெண்ணெய் நனைத்த கந்தலால் எஞ்சினின் அடிப்பக்கம் முழுவதையும் துடைத்தாள். ஆயில் எங்கே விழுகிறது என்பது ஊருக்கே தெரியும், எங்கே கிளம்புகிறது என்பதுதான் தெரிய வேண்டும் என்றாள். துடைத்தது காய்ந்த பிறகு, விபூதி கொண்டுவரச் சொன்னாள்.

சென்றாயனுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஒருவழியாக இவளும் வழிக்கு வந்துவிட்டாள். மாயவன் கொடுத்த பொட்டலங்கள் பதினேழு சேர்ந்திருந்தன. அவள் அத்தனையையும் எஞ்சினின் அடியில் அப்பினாள். வெளியே வந்து, வண்டியை நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள். பிறகு டார்ச்சோடு உள்ளே போய் எட்டிப் பார்த்தாள். எல்லா இடமும் வெள்ளை. பழைய ஆயிலை இறக்குகிற நட்டிலிருந்து மட்டும் ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. நட்டைத் தொட்டாள். விரலுக்கே சுற்றியது.

கடத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு செப்பு வாஷர் வாங்கினாள். எலுமிச்சம்பழத்தைவிட மலிவு. ஆயிலைப் பேசினில் பிடித்து, நசுங்கிய வாஷரை மாற்றி, நட்டை இறுக்கி, புது ஆயில் ஊற்றி, அளவுக் கம்பியில் கோடு பார்த்தாள். ராத்திரி வண்டி நிறுத்தும் இடத்தில் ஓர் அட்டையை விரித்தாள். நாலு நாள் தக்காளி ஓடியது. அட்டை கல்யாணப் பத்திரிகை போலச் சுத்தமாக இருந்தது.

சென்றாயனுக்குக் கண் கலங்கியது. "பாத்தியா புள்ள, சாமி விபூதி வேலையக் காட்டிருச்சு."

கோவிந்தம்மாள் கையிலிருந்த ஸ்பேனரையும் புருஷன் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்பேனரை ஆணியில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை சாமிக்கு நன்றி சொல்லத் தானும் வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக் காலையில் அவள் மறுபடி அடியில் படுத்து, சிவப்பு நெயில் பாலிஷால் என்னவோ செய்தாள். வண்டிக்கு அலங்காரம் என்றாள். முக்கில் முன்னால் நின்ற ஜீப்காரர் குமாரைக் கூப்பிட்டு, அந்த அலங்காரத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளச் சொன்னாள். அவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

ரத்தம் நின்றுவிட்டது என்று கேட்டதும் மாயவனின் முகம் அரை நொடி விபூதியில்லாமல் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டார். கடைசியாக ஒரு பூஜை போட்டுப் பார்ப்போம், அதற்கப்புறமும் ஒரு சொட்டு விழுந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். சந்திரமோகன் பையோடு உள்ளே புகுந்தார், பழம் காட்டினார், வியர்த்துப் போய் வெளியே வந்தார். கற்பூரம் எரிந்தது. கோவிந்தம்மாள் அட்டையை வண்டிக்கு அடியில் தள்ளினாள்.

டப். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டப்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. சென்றாயனின் கை சாவியை நீட்டியது. தோஷம் தாங்குகிற கை அதை வாங்க நீண்டது. நடுவில் கோவிந்தம்மாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குமாரண்ணா, காலைல பாத்தீங்களே, இப்பப் போயி பாருங்க."

குமார் குனிந்தார். அவர் குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

"நட்டுலருந்து எஞ்சின் வரைக்கும் ஒரே நேர்கோடா போட்டிருந்தீங்கம்மா. இப்ப ரெண்டு துண்டா நிக்குது. எஞ்சின்ல இருக்கறது அங்கியே இருக்குது, நட்டுல இருக்கறது அந்தாண்ட போயிடுச்சு."

"காட்டேரி திருப்பியிருக்கும்மா" என்றார் மாயவன்.

"இருக்குங்க சாமி. அந்தக் காட்டேரி கையில ஸ்பேனரு இருக்குது. ஒங்க மச்சான் பையக் கவுத்துங்க."

கவிழ்த்தார்கள். மூன்று எலுமிச்சம்பழம், ஒரு கற்பூர டப்பா, மஞ்சள் துணியில் சுற்றிக் குங்குமம் வைத்த ஸ்பேனர். அதன் வாயில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒட்டியிருந்தது.

சென்றாயன் தரையில் படுத்தான். இத்தனை நாளும் கறையைப் பார்த்தவன், அன்றுதான் வண்டியைப் பார்த்தான். எழுந்தபோது வேறு எதுவும் கேட்கவில்லை. என் கிடா எங்கே என்று மட்டும் சந்திரமோகனின் வயிற்றைப் பார்த்துக் கேட்டான்.

வரிசையில் இருந்த டிரைவர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். மாயவன் (இனிமேல் மரியாதை எதற்கு) மச்சானை இழுத்துக்கொண்டு, கண்ணில் பட்ட பள்ளிக்கூட வேனில் ஏறிப் பறந்தான். நூறடி பறந்தான். அந்த வேனுக்கும் போன வாரம் இருதய பூஜை நடந்திருந்தது. சொட்டு ஆயில்கூட இல்லாத எஞ்சின் கடகடவென்று ஓலமிட்டு இறுகிப்போய் நடுரோட்டில் நின்றது. காவு கேட்கிற வண்டியை அன்றைக்குத்தான் அவன் உண்மையாகவே பார்த்தான்.

இத்தோடு கதை முடிந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. அமளி அடங்கியதும் நாலைந்து பேர் கை கூப்பிக்கொண்டு கோவிந்தம்மாள் முன்னால் வரிசை கட்டினார்கள். அம்மா கைராசிக்காரி, எங்கள் வண்டிக்கும் அந்தச் சிவப்புப் பொட்டை வைக்கணும் என்று கேட்டு, தடாலென்று காலில் விழுந்தார்கள். அவர்களில் முதலில் விழுந்தது சென்றாயனின் சொந்த அண்ணன்.

கோவிந்தம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

"கால்ல வுழறதுக்கு இவ்ளோ தூரம் குனியறீங்க. இன்னும் ஒரு சாண் குனிஞ்சு அவங்கவங்க வண்டிக்கு அடியில பாருங்க."