அஞ்சுகம் கண்ட குறைகள்

நாற்பத்தேழு வயதில் எம்.எஸ்ஸி. முடித்தே தீருவதென்று தங்கையன் முடிவெடுத்தார். வேளாண் துறையில் பதவி உயர்வுக்கு அது வேண்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் வகுப்பு. போய் உட்காருவதில் கஷ்டமில்லை. மின்விசிறிக்குக் கீழேயே இடம் கிடைத்திருந்தது. பேராசிரியை சுஹைனா வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து, அதிலுள்ள குறைகளை இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். அங்கேதான் வினை வந்தது.

தங்கையனுக்கு எதிலும் குறை சொல்ல வராது. உப்பில்லாத ரசத்தையும் நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டு எழுந்துகொள்கிறவர்.

அவர் மனைவி அஞ்சுகம் நேர்மாறு. இருவரும் காரைக்காலில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அந்தக் காலத்தில் சினிமா பார்த்துவிட்டு மண்டபத்தூர் பஸ்ஸில் திரும்பும்போது, படத்தின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுவாள். கதாநாயகி அழ ஆரம்பித்தபோது கட்டியிருந்த புடவை, கண்ணைத் துடைக்கும்போது வேறு நிறம் என்பாள். அதைக் கேட்பதற்காகவே அவர் மோசமான படமாகப் பொறுக்கி அழைத்துப் போவார். பிறகு கல்யாணம், பிள்ளைகள். அவளுடைய மேற்படிப்பு நின்றுபோனது. பேச்சும் பால், காஸ், கரண்ட் என்று சுருங்கிவிட்டது.

எழுதித் தா என்று கேட்டால் நடக்காது. உங்க படிப்பு, உங்க பாடு என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆகவே தங்கையன் ஒரு தந்திரம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார். செல்போனை ஒலிப்பதிவில் போட்டு நியூஸ்பேப்பருக்கு அடியில் வைத்தார். நாற்று நடுவதைவிட நேரடி விதைப்பில்தான் விளைச்சல் அதிகம் என்று ஒரு கட்டுரை வந்திருக்கிறது, அப்பழுக்கில்லாத ஆராய்ச்சி என்று புகழ்ந்தார்.

ஆகாத ஒன்றைப் புகழ்ந்தால் அஞ்சுகத்துக்குப் பொறுக்காது.

"எத்தனை வயல் பாத்தாங்களாம்?"

"பன்னெண்டு."

"எல்லாம் எங்க?"

அவர் புரட்டிப் பார்த்து, வாய்க்கால் ஓரம் என்றார்.

"அப்ப கடைமடைல ஒண்ணுகூட இல்ல. எங்க அப்பா வயல்ல வந்து விதைக்கச் சொல்லுங்க. தண்ணி எட்டிப் பாக்குறதுக்குள்ள விதையெல்லாம் குருவிக்குப் போயிருக்கும்."

ஒரே ஒரு பருவத்து விளைச்சலை வைத்துக்கொண்டு ஊருக்கே எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்றும் கேட்டாள். தங்கையன் ஒரு சொல் விடாமல் எழுதினார். பத்துக்கு ஒன்பது. சுஹைனா அதை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினார்.

நாலு வாரம் இப்படியே ஓடியது. மூன்றாவது வாரம், கை நிறையச் செதிலோடு அவள் சிரித்த சிரிப்பில் அவருக்குப் பாடமே மறந்துவிட்டது. மறுநாள் ஆபீசில் சாப்பாட்டு வேளையில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன பாட்டு சார் என்று ஒருவர் விசாரித்தார். பழைய பாட்டு என்றார் தங்கையன்.

ஐந்தாவது கட்டுரையில் தலைப்போடு நிறுத்திக்கொண்டார். அஞ்சுகம்தான் இருக்கிறாளே. அவள் கேட்டதற்கெல்லாம் தாளைப் புரட்டாமலே, அதில் இல்லை என்றார். மழை அளவையும் சொல்லவில்லை, என்ன நெல் ரகம் என்றும் சொல்லவில்லை, இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்றாள் அவள். இவரும் காரசாரமாக எழுதி அனுப்பினார்.

சனிக்கிழமை சுஹைனா அவரை எழுப்பி நிறுத்தினார். "மழை அளவு மூணாம் பக்கத்துல இருக்கு. ரகம் அஞ்சாம் பக்கத்துல இருக்கு. கட்டுரைய நீங்க படிச்சீங்களா சார்?"

பிள்ளை வயதில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, இப்படித் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டாயே என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

அஞ்சுகம் கோபப்படவில்லை. "ரெண்டாவது வாரமே தெரியும். தேங்கா துருவுறப்ப, 'கொஞ்சம் சத்தமா சொல்லு, அந்தப் பக்கம் திரும்பிப் பேசாத'ன்னீங்க. உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?"

பிறகு ஏன் சொல்லிக்கொண்டே இருந்தாய் என்றார் அவர்.

"கேக்க ஆளிருந்துச்சு, சொன்னேன். எத்தனை வருசமாச்சு."

நீயும் வந்து சேர்ந்து படியேன், விட்ட படிப்புத்தானே என்றார் தங்கையன். மனசாரத்தான் சொன்னார். தாராளமாகச் சொல்லிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"விண்ணப்பம் போட்டு ரெண்டு வாரம் ஆச்சுங்க. நுழைவுத் தேர்வுன்னு ஒருத்தர் எழுதுன விமர்சனத்தக் கொடுத்து, இதுல என்ன குறைன்னு எழுதச் சொல்லியிருக்காங்க. பேர மறைச்சுத்தான் அனுப்புனாங்க. மழை அளவு இல்ல, ரகம் இல்லன்னு ஆரம்பிக்குது," என்று மேசையிலிருந்த தாள்களைக் காட்டினாள். "ரெண்டு பக்கம் கேட்டாங்க. ஏழு பக்கம் எழுதிட்டேன், உங்க முதல் பத்தியே இன்னும் முடியல."