பர்னர் அண்ணாத்தயின் மூக்கு

கொரோனா, பீட்சா, பாஸ்கெட்பால் இந்த மூன்றைப் பற்றியும் முழுசாகத் தெரிந்த ஒரே மனிதர் செங்கல்பட்டு மாவட்டத்தில் பர்னர் அண்ணாத்ததான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். தினமும் சொன்னார். மறுத்துப் பேச எங்களில் ஒருவருக்கும் தெம்பில்லாததால் அது அப்படியே நிலைத்துவிட்டது.

கேஸ் அடுப்பு ரிப்பேர் அவருக்குத் தொழில். அதனால் பர்னர். வீட்டில் வைத்த பெயரைக் கேட்டால், "அத்த தெரிஞ்சிகினு நீ இன்னா பண்ணப் போற சார்?" என்பார். லீக் கண்டுபிடிக்க மற்ற மெக்கானிக்குகள் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்ப்பார்கள். இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ரெண்டாவது பர்னரு, நாப்புக்குக் கீழ" என்று சொல்லிவிடுவார். "மூக்கு கீறவனுக்கு எதுக்கு சார் சோப்பு தண்ணி?" என்று கேட்பார். அந்த மூக்குக்காகத்தான் ஊரே அவரைக் கூப்பிட்டது.

சாயங்காலம் ஸ்கூல் மைதானத்தில், பாஸ்கெட்பால் கோர்ட்டை ஒட்டிய சிமெண்ட் படிக்கட்டில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். பர்னர், பி.டி. சார், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் கருவாடு கொண்டுவந்து விற்கும் மணி, தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த நான். நாலு பேரில் பந்தைக் கூடைக்குள் போடத் தெரிந்தவர் பி.டி. சார் மட்டும்தான். ஆனால் பையன்களுக்குக் கோச்சிங் கொடுப்பவர் பர்னர். அமெரிக்க மேட்சுகளை விடியற்காலையில் செல்போனில் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஏழடி ஆட்கள் செய்ததையெல்லாம் இங்கே எட்டாங்கிளாஸ் பையன்களிடம் எதிர்பார்ப்பார். ஒரு நாள் பந்து அவர் காலடிக்கே உருண்டு வந்தது. எடுத்துக் கூடையைப் பார்த்து எறிந்தார். அது சைக்கிள் ஸ்டாண்டில் போய் இறங்கியது. "காத்து" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கிரிக்கெட்டை மட்டும் அவரிடம் பேசக் கூடாது. "அஞ்சு நாள் நின்னுகினே கீறானுங்கோ, நடுவுல சாப்பாடு வேற. அது ஆட்டமா, கல்யாணமா?" என்று எழுந்து போய்விடுவார்.

சனிக்கிழமை பீட்சா நாள். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து சாப்பிடும் ஒரு கடையின் அடுப்பைப் பர்னர்தான் பார்த்துக்கொண்டார். மணி வரும்போது அங்கிருந்து ஒன்று வாங்கி வருவான். பி.டி. சாருக்கு மேலே அன்னாசிப் பழம் வேண்டும். மணிக்கு நெத்திலி வறுவல் வேண்டும். எனக்கு எது இருந்தாலும் கூடவே இன்னொன்று வேண்டும். பர்னருக்குச் சீஸும் நாலு துளசி மாதிரி இலையும் போதும். பெட்டியைத் திறந்து, கண்ணை மூடி, மோந்து பார்த்து, "அடி கொஞ்சம் தீஞ்சிருக்கு, மத்தபடி ஓகே" என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் கை வைக்கலாம். அன்னாசி வந்த அன்றைக்கு, "ஃபவுல்" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார்.

கொரோனா வந்தது. ஊர் முழுக்கக் காய்கறியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. பர்னர் ஒருவர்தான் போன் போட்டு, "சார், இது சிலிண்டர் லீக் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, காத்துல கீது. கத்தரிக்காய்க்கு எதுக்கு ஷாம்பூ? போய் ஜன்னலத் தொற" என்று கத்தினார். சிரித்தோம். பிறகு டாக்டர்களே டி.வி.யில் ஜன்னலைத் திறக்கச் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விடவா போகிறார்? ஊசி போட்டுக்கொள்ள மணி பயந்தபோதும் அவர்தான் பாடம் எடுத்தார்.

"ஊசின்னா இன்னாடா? எதிர் டீம் ஜெர்சிய நம்ம பசங்களே போட்டுகினு பிராக்டீஸ் குடுக்கறது. நாளைக்கு நெஜமா வந்தான்னா ஒடம்புக்கு அடையாளம் தெரியும்."

"ஜெயிச்சிருவமா அண்ணாத்த?"

"ஒரு ரெண்டு பாயிண்ட் போவும். மேட்ச் போவாது."

மணி மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டான்.

ஊரடங்கு தளர்ந்து நாங்கள் மறுபடி கூடியபோது மைதானத்தில் பையன்கள் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கப் பர்னர் படிக்கட்டில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் செருகுவார். புகை யார் பக்கம் போகிறதோ அவர் எழுந்து இடம் மாற வேண்டும். காற்று நிலையில்லாத நாட்களில் மியூசிக்கல் சேர் ஆடுவதுபோல் மாறிக்கொண்டே இருந்தோம். முட்டி வலிக்காரனான நான் மனசுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை.

திடீரென்று மூன்று வாரம் ஆளைக் காணோம். திருப்போரூரில் மாமியார் வீடு என்று தகவல் வந்தது. அவர் திரும்பி வந்த சனிக்கிழமை, மணி கருவாட்டு மூட்டையையும் பீட்சாவையும் ஒரே கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். பெட்டியைத் திறந்ததும் பி.டி. சார் நாலு படி இறங்கி நின்றார். மணிக்கே பொறுக்கவில்லை. பர்னர் கண்ணை மூடினார், மோந்தார்.

"ஆஹா. எல வாசன தூக்குது" என்றார்.

அவர் கண்ணைத் திறந்து எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வாரமா ஒண்ணும் தெரியல சார். பெனாயிலும் ஒண்ணுதான், காப்பியும் ஒண்ணுதான்."

"கொரோனாவா? உங்களுக்கா? எங்கே பிடிச்சீங்க?" என்றார் பி.டி. சார்.

தரையைப் பார்த்தபடியே சொன்னார். "மச்சான் வூட்ல. ஏசி போட்டு, ஜன்னல மூடி, பதினாலு பேர் குந்திகினு... மேட்ச் பாத்தோம்."

"என்ன மேட்ச்?"

"கிரிக்கெட்டு" என்றார், சாவு செய்தி சொல்வதுபோல.

எங்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மணி படிக்கட்டில் படுத்துவிட்டான். பர்னரும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "வேலைக்குப் போகல சார். பயமா கீது" என்றார். வாசனை திரும்ப வரலாம், மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சோப்புத் தண்ணீர் இருக்கிறதே என்றேன்.

"சோப்பு தடவுன எடத்துலதான் காட்டும். தடவாத எடத்துல கீறத எவன் சொல்லுவான்? ஒரு வூட்ல கொழந்த குட்டி இருக்கும். நான் ஓகேன்னு சொல்லிட்டு வந்துட்டு, அப்புறம் ஒண்ணு ஆச்சின்னா? மூக்கு போன மெக்கானிக்க எவன் கூப்புடுவான் சார்?"

மறுநாளிலிருந்து அவருக்கு மூக்காகப் போவது என்று நாங்களே முடிவு செய்தோம். மணியை முதல் வீட்டோடு நீக்கினோம். அவன் உள்ளே வந்தால் கேஸ் வாசனை இருந்தாலும் தெரியவில்லை. பி.டி. சார் லீக் தெரிந்தால் விசில் ஊதினார், பழக்க தோஷம். தொட்டிலில் தூங்கிய குழந்தை அலறி எழ, அவரும் போனார். கடைசியில் மிஞ்சியது நான்.

ஆபீஸ் முடிந்ததும் அவர் வண்டியின் பின்சீட்டில் ஏறுவேன். வீடு வீடாகப் போய் அடுப்படியில் குனிந்து, மாஸ்க்கை இறக்கி மோந்து, "வருது" அல்லது "இல்ல" என்பேன். பிறகு அவர் சோப்புத் தண்ணீர் வைத்து இடத்தைப் பிடிப்பார். "இது யாருங்க?" என்று கேட்பவர்களிடம், "அசிஸ்டெண்டு. புதுசு. கொஞ்சம் மக்கு" என்பார். தாலுகா ஆபீஸில் கையெழுத்துக்காக என் முன்னால் காத்து நின்ற ஒரு பெரியவர், தன் வீட்டு அடுப்புக்குக் கீழே என் பாதி உடம்பைப் பார்த்து, "சார், நீங்களா?" என்றார். முட்டி விண்விண்ணென்றது. "உன் ஃபிரெண்டுக்கு வேற மூக்கே கெடைக்கலயா?" என்றாள் என் மனைவி. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு நாள்கூடப் போகாமல் இருக்கவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. ரயில்வே கேட் பக்கம் ஒரு வீடு. எனக்கு லேசாக மூக்கடைப்பு, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு குனிந்தேன். "ஒண்ணும் இல்ல அண்ணாத்த."

அவர் நகரவில்லை. "சார், தள்ளு" என்றார். குனிந்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மறுபடி குனிந்தார். "ரெகுலேட்டர்கிட்ட, டியூபு." சோப்புத் தண்ணீர் வைத்தோம். சின்னதாக ஒரு நுரை வந்தது.

சிலிண்டரை மூடிவிட்டுப் பர்னர் செய்ததைப் பார்த்து வீட்டுக்கார அம்மா பயந்துபோனார். மாடத்திலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துத் திறந்தார், மோந்தார். காப்பிப் பொடியைத் திறந்தார், மோந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "லேசா தெரிது சார். தூரத்துல கூப்புடற மாதிரி தெரிது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு தரம் மூச்சை இழுத்தார். "மூணு மாசமா இந்த நாத்தத்தோடவா பின்னாடி குந்திகினு வந்த?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. அழவும் செய்தேன். டியூப் மாற்றி முடித்து என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர், "நாளைலேர்ந்து நீ வர வேணாம் சார். நானே பாத்துக்கறேன். முட்டிக்குத் தைலம் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். விடுதலை என்று சந்தோஷமாகப் படுத்தேன்.

மறுநாள் ஆபீஸ் முடிந்தது. வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன், பேப்பரைப் புரட்டினேன். ஐந்தரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பையை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார்? மூக்குதான் வந்துருச்சே."

"சும்மாதான்" என்றேன்.

அவர் பின்சீட்டைத் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு, நான் ஏறும்வரை வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.