ஒரு மொட்டையும் மூன்று தலைமுறை வார்டும்

அரசியலில் நான் இழந்தது ஒன்றே ஒன்றுதான்: தலைமுடி. அதையும் யாரும் பறிக்கவில்லை, நானே குனிந்து கொடுத்தேன்.

எம்.ஏ.வில் என் ஆய்வுத் தலைப்பு, அயர்லாந்து நாடாளுமன்றத்தில் அரசியல் குடும்பங்கள். (அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.) அங்கே தாத்தா இருந்த இடத்தில் அப்பா, அப்பாவுக்குப் பின் மகள் என்று சில தொகுதிகள் ஒரே வீட்டுக்குள் சுற்றிவருமாம். உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தலில் மனைவியோ பிள்ளையோ நிற்பது சாதாரணமாம். தொகுதியில் எந்தச் சாவு விழுந்தாலும் உறுப்பினர் போய் நின்றுவிடுவாராம். படிக்கப் படிக்க ரத்தம் கொதித்தது. கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் வார்டிலும் அதே கதைதான். தாத்தா, அப்பா என்று ஒரே வீட்டார்தான் உறுப்பினர். அவர்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் இருந்தது. எங்கள் தெருவுக்கு இல்லை, அம்மா தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தார். குழாய் கொண்டுவராமல் ஓய்வதில்லை என்று வேட்பாளர் ஆனேன்.

தேர்தல் அறிவித்த வாரத்திலேயே பழைய உறுப்பினர் இறந்துபோனார். அவர் மகன் பழனிச்சாமி அண்ணன் நிற்பதாகச் சாவு வீட்டிலேயே முடிவாகிவிட்டது. நான் அப்போது மலைமேலே வளப்பூர் நாடு என்கிற ஊரில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார். சேதி கேட்டதும் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இறங்கினேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, கிணற்றடியில் பங்காளிகள் மொட்டை போட வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வரிசை யாருக்கானது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தேன். அனுதாப ஓட்டு மொத்தமும் அண்ணனுக்கே போய்விடக் கூடாதே! பாதியையாவது அயர்லாந்து முறைப்படி அள்ளிவிட வேண்டும்.

முடி எடுப்பவர் கத்தியோடு தயங்கினார். "ஏனுங்க, நீங்க பங்காளி இல்லீங்களே?"

"வார்டே ஒரே குடும்பந்தானுங்க. அடிங்க" என்றேன். (கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன்.)

பழனிச்சாமி அண்ணன் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார். "எங்கப்பனுக்கு இன்னொரு மகன் இருக்கறான்டா!"

வீட்டு வாசலில் அம்மா என் தலையைப் பார்த்தார். "ஏஞ்சாமி, நானும் உங்கப்பனும் இன்னும் உசுரோடதானே இருக்கறோம்?"

மறுநாளே ஓட்டுக் கேட்கக் கிளம்பினேன். வெயிலில் மண்டை பழுத்தது, விடவில்லை. ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். கடைசி வீட்டு அக்கா என் நோட்டீஸையும் மண்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மகனாட்டம் மொட்டை போட்டுட்டு, அண்ணனையே எதிர்த்து நிக்கறீங்களே, ஞாயமுங்களா?"

"நான் அவரு மகன் இல்லீங்க்கா."

"அப்ப எதுக்குங்க மொட்டை?"

நான் அயர்லாந்திலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அவரே தீர்ப்பையும் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே ஊட்டு ஆளுங்க. மூத்தவருக்கே போட்டுடறமுங்க."

வார்டு முழுக்க அப்படியே போட்டுவிட்டது. வெட்கத்தில் ஒரு வாரம் துண்டுக்குள்ளேயே தலையை வைத்திருந்தேன்.

பதவியேற்ற கையோடு பழனிச்சாமி அண்ணன் செய்த முதல் வேலை, "தம்பி ஊட்டுத் தெருவுக்கு" குழாய் போட்டதுதான். அடுத்த தேர்தலில் மறுபடியும் நின்றேன். முடியோடு நின்றேன், தோற்றேன். அண்ணன் வீட்டு விசேஷம் எதற்கும் முதல் பத்திரிகை இன்றும் எனக்குத்தான். எங்கள் தெருக் குழாய்க்குப் பெயரே மொட்டைக் குழாய்.

போன வாரம் என் மகள் வந்து நின்றாள். "இந்தத் தடவை நான் நிக்கறேனுங்கப்பா. நோட்டீசுல உங்க பேரப் போட்டுக்கட்டுங்களா?"

குடும்ப அரசியலை எதிர்த்து ஆய்வேடு எழுதியவன் கோபப்பட்டிருக்க வேண்டும். நானோ சந்தோஷத்தில் பெயர் எழுதிக் கொடுக்கப் பேனாவைத் தேடினேன். நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பேரெல்லாம் வேண்டாங் கண்ணு. மொட்டைக் குழாய்க்காரர் மகள்னு போடு, எல்லாருக்கும் தெரியும்."