கேப்டன் கடிகாரத்தின் ஏழு குறைகள்

மதிப்பும் அன்பும் மாறாத மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். எனக்கு இடது முழங்காலில் கொஞ்சம் சத்தம், அவளுக்கு என்னால் வரும் தலைவலி, இவை இரண்டும் நீங்கலாக. அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், உங்கள் பழைய சாமான் கிடங்கும், அதிலுள்ள கரையான் தவிர மற்ற எல்லாமும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் "ஆமா மச்சான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்தில் விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக நீங்கள் சொன்ன கெடுப்படி, வருகிற ஞாயிற்றுக்கிழமை வேனை அனுப்பிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் விற்கச் சொல்லி அனுப்பிய இருபத்தாறு பழம்பொருட்களும் இன்றைய தேதியில் இருபத்தாறாகவே இருக்கின்றன. ஒன்றுகூட விற்கவில்லை. ஒன்றுகூட உடையவும் இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

தப்பு யார்மேல் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி ஆலையில் முப்பத்துமூன்று வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். குறை இல்லாத விசிறிக்குப் பச்சை அட்டை, ஒரு குறை இருந்தாலும் சிவப்பு அட்டை, குறை என்னவென்று அதிலேயே எழுதிக் கையெழுத்து. நான் பச்சை கட்டி அனுப்பிய ஒரு விசிறிகூட ஆலைக்குத் திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெறுகிற அன்று எல்லோருக்கும் சால்வை கொடுப்பார்கள். ஆலையில் அட்டையை விட்டு ஸ்டிக்கருக்கு மாறிவிட்டபடியால் எனக்குச் சால்வையோடு மிச்சமிருந்த அட்டைக் கட்டுகளையும் கொடுத்துவிட்டார்கள். அவைதான் இப்போது நம் முன்னறைக் கடையில் தொங்குகின்றன. பழம்பொருள் என்றால் குறை இல்லாமல் எப்படி இருக்கும்? இருபத்தாறுக்கும் சிவப்பு. பச்சைக் கட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.

"பொருளைப் பத்திப் பேசாதீங்க, பொருளோட கதையைப் பேசுங்க" என்று நீங்கள் சொல்லி அனுப்பியதை நான் மறக்கவில்லை. முயற்சியும் செய்தேன். அந்தக் கை வைத்த பெரிய நாற்காலி ஒரு நீதிபதி வீட்டு நாற்காலி என்று சொல்லச் சொன்னீர்கள் அல்லவா, இரண்டாவது வாரமே ஒரு வக்கீல் வந்தார், உட்கார்ந்து பார்த்தார், முகம் மலர்ந்தது, நானும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு "நீதிபதி வீட்டுது சார்" என்றேன். "எந்த நீதிபதி?" என்றார். "என் மச்சானைத்தான் கேக்கணும் சார்" என்றேன். அதோடு விட்டிருந்தால் அவர் வாங்கியிருப்பார். ஆனால் ஒரு நாற்காலியை அடிப்பக்கம் காட்டாமல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கவிழ்த்துக் காட்டினேன். அடியில் வெள்ளைப் பெயின்டில் நூற்றுப் பதினாலு என்று எழுதியிருந்தது, வாடகைக்கு நாற்காலி விடுகிறவர்கள் எழுதுவது போல. வக்கீல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீதிபதி வீட்ல பெரிய குடும்பம் போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அட்டையில் அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

அடுத்தது கிராமபோன். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண்ணும் பையனும் வந்தார்கள். அந்தப் பெண் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அட்டையில் 'ஒலி இல்லை, குழாய் வேறு பெட்டியுடையது' என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். "பரவாயில்ல அங்கிள், பாட்டெல்லாம் வேணாம், சும்மா ஹால்ல வச்சா அழகா இருக்கும்" என்றாள். நான் சொன்னேன்: "வேலை செய்யாத பொருளை எப்படிம்மா வெளிய விடறது? சரி பண்ணித் தரேன், ஒரு மாசம் கழிச்சு வா." அவள் கெஞ்சினாள். பையன் பணப்பையை வெளியே எடுத்துவிட்டான். நான் கிராமபோனின் முன்னால் நின்றுகொண்டேன். எப்படி மச்சான் மனசு வரும், ஓடாத விசிறியை அழகாக இருக்கிறது என்று உத்தரத்தில் மாட்டுவார்களா? அவர்கள் போன பிறகு, இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை நெற்றியில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அதைத் தலைவலி என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டுத் தையல்காரரோடு ஒரு சின்ன மனஸ்தாபம். தினமும் சாயங்காலம் வந்து அந்த நூற்றுப் பதினாலாம் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர், ஒருநாள் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கை பழக்கத்தில் அதற்கும் அட்டை கட்டிவிட்டேன். 'இரண்டு கம்பி வளைவு, பிடி தளர்ச்சி, துணி மங்கல், தையல் தரமற்றது.' மற்ற மூன்றையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கடைசி வரியைத்தான் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது அவரே தைத்ததாம். ஒரு வாரம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் கேப்டன் வீட்டிலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்ன சுவர்க் கடிகாரம். இருப்பதிலேயே அதுதான் அழகு, எனக்கே பிடித்துப்போய்விட்டது. பதினைந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்து ஏழு குறை கண்டுபிடித்தேன். நாளுக்குப் பதினொரு நிமிடம் பின்னடைவு. மூன்று மணிக்கு நான்கு அடிக்கிறது. கண்ணாடி ஓரத்தில் கீறல். ஒரு கீல் மாற்றப்பட்டது. ஆறு என்ற எண்ணில் மை உதிர்வு. ஊசல் உரசல். சாவி அசல் அல்ல. போன வாரம் பாங்க் மானேஜர் ஒருவர் வந்து அதன் முன்னாலேயே நின்றுவிட்டார். "சார், இது ஓடுமா?" என்று கேட்டார். "ஓடும் சார், நம்ம கூடச் சேர்ந்து ஓடாது" என்று சொல்லி ஏழையும் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்றார், போய்விட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்குள்ளும் ஒன்று நடந்துவிட்டது. எங்கள் கல்யாணப் போட்டோவைத் துடைத்து மாட்டும்போது, அதற்கும் ஓர் அட்டை கட்டியிருக்கிறேன். கட்டியது எனக்கே ஞாபகம் இல்லை. 'மணமகன் வலது தோள் ஒரு விரற்கடை இறக்கம்.' உங்கள் தங்கை அதைப் படித்தாள். "பொண்ணுக்கு ஒன்னும் எழுதலையே?" என்றாள். "உனக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றேன். "அப்ப ஏன் சிவப்பு?" என்றாள். "ஜோடிப் பொருள்ல ஒன்னு தேறலைன்னா ரெண்டையும் சேர்த்துத்தான் தள்ளணும், அதான் விதி" என்றேன். விதியைத்தான் சொன்னேன் மச்சான். அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை.

அதனால்தான் இந்த முடிவு. வெளிப்படையாகச் சொல்கிறேன், கடையை விட எனக்கு மனசில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஆலைப் பக்கம் போனேன், வாசலில் இருந்த காவலாளி பாஸ் கேட்டான். வீட்டிலும் தெருவிலும் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்த முன்னறையில்தான் முன்பின் தெரியாதவர்கள் வந்து, ஒரு பொருளைக் காட்டி, "இது எப்படி சார்?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்கிறார்களே. வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிற காட்சியை நினைத்தால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் என் ஆசைக்காக உங்கள் தங்கையின் முன்னறையை அடைத்துவைப்பது நியாயமில்லை. கடை வைத்துக் கொடுத்தது நீங்களாகவே முன்வந்து எனக்குச் செய்த உதவி, அதை நான் காப்பாற்றவில்லை. மன்னியுங்கள்.

ஒரே ஆறுதல், இனிமேல் நாள் முழுவதும் உங்கள் தங்கைக்கு ஒத்தாசையாக இருக்கலாம். உங்களுக்கு நினைவிருக்கும், கடை வருவதற்கு முன்னால் நான்கு மாதம் சமையலறையில் அவளோடுதான் இருந்தேன். மூடிகளை விட்டம் வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். அவள் நறுக்கிய காய் ஒரே கனத்தில் இருக்கிறதா என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து சொன்னேன். குக்கர் விசிலுக்கு நேரம் குறித்து வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அப்போதெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை, அமைதியாக மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். கடை வந்ததும் அந்த வேலையெல்லாம் நின்றுபோனதில் அவளுக்கு உள்ளுக்குள் வருத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே சமையலறைக்குத் திரும்பிவிடுவதாக இருக்கிறேன்.

வேனோடு ஆள் இரண்டு பேர் வந்தால் போதும். நாற்காலியைத் தூக்கும்போது பின்னங்கால் ஆடும், அட்டையில் எழுதியிருக்கிறது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடும், பாஸ் கேட்காத வேலையோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பு மறவாத,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: வேனை அனுப்ப வேண்டாம்.

கடிதத்தை முடித்து மேஜையில் வைத்துவிட்டு, உறை வாங்க முனைக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் சுவரில் கடிகாரம் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக நீளமாகத் தெரிந்தது. திருட்டு என்றுதான் நினைத்தேன். பார்த்தால் உங்கள் தங்கை நூற்றுப் பதினாலாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் இந்தக் கடிதம், பக்கத்தில் தையல்காரர், அவர் கையில் டீ. நான் போன நேரத்தில் பாங்க் மானேஜர் திரும்பி வந்திருக்கிறார். அவர் உண்மையாகவே யோசித்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனிதர். என்ன நடந்தது என்று தையல்காரர்தான் எனக்கு நடித்துக் காட்டினார். உங்கள் தங்கை அட்டையை மானேஜர் முகத்துக்கு நேரே பிடித்துச் சொன்னாளாம்: "சார், எங்க வீட்டுக்காரர் பதினஞ்சு நாள் உக்காந்து ஏழு குறை எழுதியிருக்கார். எட்டாவதா ஒன்னு இருந்திருந்தா அவர் கண்ல படாம தப்பிச்சிருக்காது. அதனால எட்டாவது இல்ல. இந்த உத்தரவாதம் உங்களுக்கு வேற எங்க கிடைக்கும்?" மானேஜர் இதற்கு முன் மூன்று கடையில் மூன்று கடிகாரம் வாங்கினாராம், எல்லாரும் ஒரு குறையும் இல்லை என்றுதான் கொடுத்தார்களாம், வீட்டுக்குப் போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்ததாம். அட்டையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"நீ எப்படி திடீர்னு விக்க வந்த?" என்று கேட்டேன். "லெட்டரைப் படிச்சேன். கேப்டன் கதை, நீதிபதி கதை எல்லாம் பொறுத்துக்கிட்டுப் படிச்சேன். திங்கக்கிழமை ஆறு மணின்னு போட்டிருந்தீங்க பாருங்க, அந்த இடத்துல எந்திரிச்சேன்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "மொட்டை மாடில நின்னு எங்கண்ணன்கிட்ட ஒரு மணி நேரம் அழாத குறையாக் கேட்டு வரவழைச்ச சாமான் இது. ஒரு ஆணிகூடத் திரும்பிப் போகாது." நீங்களாகவே முன்வந்து செய்த உதவி என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள் மச்சான். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று மாதம் என்னிடம் மூச்சுவிடவில்லையே.

அவள் எழுந்து வந்து என் சட்டைப் பொத்தானில் ஓர் அட்டையைக் கட்டினாள். படித்துப் பார்த்தேன். 'பொருள்: கணவர், ஒன்று. வயது: ஐம்பத்தொன்பது. குறைகள்: பதினொன்று.' பதினொன்றும் வரிசையாக, கோணாமல், என்னைப் போலவே எண் போட்டு எழுதியிருந்தாள். தோள் இறக்கம் அதில் இல்லை. கீழே, 'கடையில் மட்டும் வைக்கவும். யாருக்கும் கொடுப்பதற்கில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நிறம் பச்சை. கட்டைப் பிரித்திருக்கிறாள்.

ஒரு குறை இருந்தாலே சிவப்பு, இதில் பதினொன்று. விதிப்படி இந்த அட்டை செல்லாது. ஆலையில் இப்படி ஒன்று என் கண்ணில் பட்டிருந்தால் அப்போதே கிழித்துப் போட்டு, எழுதினவரிடம் விளக்கம் கேட்டிருப்பேன். இப்போது ராத்திரி எட்டு மணி ஆகிறது, இன்னும் பொத்தானில்தான் கட்டியிருக்கிறது. விளக்கம் கேட்கவில்லை.