இரண்டும் ஒரிஜினல்

மந்தைவெளியின் அறிவு வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அதை 'பிரிண்டருக்கு முன்', 'பிரிண்டருக்குப் பின்' என்று இரண்டு பாகமாகப் பிரித்தாக வேண்டும். வேறு வழியில்லை. அந்தப் பிரிவுக்கோடு எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், என் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே விழுகிறது. எந்தத் தேதியில் விழுந்தது என்பதுதான் சரியாக நினைவில்லை. செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். மழை பெய்தது என்றும் நினைக்கிறேன். ஆனால் பெட்டி நனையாமல் வந்து சேர்ந்ததால், மழையை நானே பிற்பாடு சேர்த்துக்கொண்டிருக்கக் கூடும். இனிச் சொல்லப்போவதிலும் அப்படிச் சில மழைகள் இருக்கலாம். மற்றவர்கள் பேசிய வார்த்தைகளில் மட்டும் சந்தேகமில்லை. அவற்றை மறக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன்.

அது 'பட்ஜெட்' வகை லேசர் பிரிண்டர். பட்ஜெட் என்றால் விலை குறைவு என்று பொருளல்ல. விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நமக்குத் தெரியப்படுத்துவார்கள் என்று பொருள். பெட்டியோடு வருவது 'ஆரம்ப' டோனர், அதாவது கொஞ்சம் மைத்தூள். கோயிலில் உள்ளங்கையில் விடும் தீர்த்தம் மாதிரி, ருசி காட்டுவதற்கு மட்டும். முழு டோனர் வாங்கும் விலைக்கு ஏறக்குறைய இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம். அதிலும் ஆரம்ப டோனர்தான் இருக்கும். இந்த ஞானத்தை என் அலமாரியில் உள்ள எந்தப் பொருளாதார நூலும் எனக்குத் தந்ததில்லை.

நிறைகளைச் சொல்லி முடியாது. மை காய்ந்துபோகாது. மூன்று மாதம் தொடாமல் விட்டாலும் கோபித்துக்கொள்ளாது. தாள் சூடாக, ஓரம் சுருண்டு, பொரித்த அப்பளம்போல் வெளியே வரும். அது கண்விழிக்கும் கணத்தில் வீட்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை தலைதாழ்த்தும். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் மௌனம். நான்கடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டே, 'ஆஃப்லைன்' என்று தன்னைப் பற்றி அறிவித்துவிடும். இருந்தும் இல்லாதிருக்கும் அந்த நிலையைப் பற்றி அதன் எதிரே அமர்ந்து மணிக்கணக்கில் யோசித்திருக்கிறேன். என் மனைவி எங்கள் இருவரையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

குறை என்று பார்த்தால் இரண்டுதான். வண்ணத்தில் அச்சடிக்காது. ஒரு தாளை மேலே வைத்தால் அதை நகலெடுக்காது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சௌந்தரராஜன் பிரிண்டர் வந்த செய்தியைக் கேள்விப்பட்ட அன்றே அவசரக் கூட்டம் கூட்டினார். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு மட்டும் பெறாதவர். "நம்ம பில்டிங்ல ஒரு ஆத்துல லேசர் இருக்குன்னா அது நம்ம எல்லாருக்கும் கௌரவம்" என்று தொடங்கி, பதினொரு அம்சங்கள் கொண்ட 'அச்சு வசதிப் பயன்பாட்டு நெறிமுறைகளை' வாசித்தார். அதை இருபத்து நான்கு வீடுகளுக்கும் தலா மூன்று பக்கம் அச்சடித்துக் கொடுத்தோம். பதினோராவது அம்சம், தாளை வீணாக்கக் கூடாது என்பது. அச்சில் அது விடுபட்டுவிட்டதால் அதற்கென்று தனியாக ஒரு பக்கம் அச்சடித்தோம்.

அடுத்த கூட்டத்தில் 'அனைவருக்கும் அச்சு' என்ற திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலாளி, இஸ்திரி போடுகிறவர் ஆகியோருக்கு என் பிரிண்டர் இலவசம். திட்டம் தயார், பதாகை தயார், குறிக்கோள் வாசகம் தயார். பயனாளி மட்டும் இல்லை. இரண்டு வாரம் யாருக்கும் எதையும் அச்சடிக்கத் தேவைப்படவில்லை. "ஒரே ஒரு பயனாளி போறும் சார். போட்டோ எடுத்துண்டு சங்கங்களோட ஃபெடரேஷனுக்கு அனுப்பிடலாம்" என்று சௌந்தரராஜன் தினமும் காலையில் என்னிடம் ஏக்கத்தோடு சொல்லிவிட்டு நடைப்பயிற்சிக்குப் போனார்.

அந்தப் பயனாளியாக வந்து சேர்ந்தவள் அன்புக்கரசி.

அவள் எங்கள் வீட்டிலும் இன்னும் இரண்டு வீடுகளிலும் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்குகிறவள். அடையாற்றின் கரையில் குடியிருந்தாள். அந்தக் கரையைக் காலி செய்யப்போகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தபோது, அவள் எங்கள் சமையலறையில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதனால் பட்டியலில் அவள் வீட்டுக்கு நேரே 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே கட்டும் அடுக்குமாடியில் வீடு. மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். அவள் மகள் தமிழ்நிலா பத்தாம் வகுப்பு, பள்ளிக்கூடம் இங்கே.

பெயர் சேர்க்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. கணக்கெடுத்தவர்களின் அலுவலகத்தில் இருப்பிடச் சான்று ஒரிஜினல் ஒன்று, ஜெராக்ஸ் ஒன்று கொடுக்க வேண்டும். சான்று அவள் போனுக்கு வந்துவிட்டது. வெள்ளியன்று பகல் ஒரு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு, அந்த அலுவலகத்துக்கு எதிரிலேயே இருந்த ஹபீபுர் ரஹ்மானின் ஜெராக்ஸ் கடைக்குப் புறப்பட்டாள். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை.

நான்தான் தடுத்தேன். இது பற்றி எனக்கு எந்த மறதியும் இல்லை.

"கடைக்கே போய்க்கிறேன் சார். அஞ்சு நிமிஷ வேல" என்றாள்.

செய்தி எட்டி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு சௌந்தரராஜன் வந்துவிட்டார். "ஆத்துலயே லேசர் இருக்கறச்சே வெயில்ல போய் எதுக்கும்மா நிக்கணும்? இது உன் உரிமை" என்றார். தன் உரிமையை அவள் கதவோரம் நின்றபடி அனுபவித்தாள். பிரிண்டர் ஆஃப்லைன் என்றது. வைஃபையை அணைத்துப் போட்டேன். கணினியை அணைத்துப் போட்டேன். இரண்டு மணிக்கு அது எங்களை அடையாளம் கண்டுகொண்டது. இரண்டரைக்குத் தாள் சிக்கியது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், சேலைத் தலைப்பைத் திருகுவதுமாக இருந்தாள். மூன்றே காலுக்கு விளக்குகள் தலைதாழ்த்தின. இரண்டு தாள்கள் வந்து விழுந்தன. சான்றின் மேலிருந்த பச்சை முத்திரை கம்பீரமான கறுப்பாக மாறியிருந்தது.

புகைப்படம் எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவள் சிரிக்கவில்லை என்று சௌந்தரராஜன் மறுபடி மறுபடி எடுத்தார்.

தாள்களைக் கையில் வாங்கியவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சார், இதுல எது ஒரிஜினலு, எது ஜெராக்ஸு?"

முப்பது வருடம் வாசித்த ஒருவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிறகு சொன்னேன்: ஒரு வகையில் இரண்டுமே ஒரிஜினல். ஆழ்ந்து பார்த்தால் இரண்டுமே நகல். மூலம் என்பது எங்கோ கண்காணாத ஒரு சர்வரில் இருக்கிறது. 'ஜெராக்ஸ்' என்று நாம் வழங்குவதே ஒரு பிழை வழக்கு.

"அதெல்லாம் வாணாம் சார். அவங்க கேட்டா எதக் காட்டறது?"

"எதை வேண்டுமானாலும் காட்டலாம்."

"ஒண்ணுத்து ஓரமா பேனாவுல ஒரு புள்ளி வெச்சுக் குடு சார். அது ஒரிஜினல்னு நெனச்சிக்கிறேன்."

ஆவணத்தில் கைவைப்பது முறையல்ல என்று மறுத்துவிட்டேன். திட்டத்தின் பலனை நேரில் காண நானும் அவளுடன் நடந்தேன்.

நான்கு மணிக்குக் கவுண்டரை அடைந்தோம். அங்கிருந்தவர் களைத்துப்போயிருந்தார். ஒரிஜினலைக் கேட்டார். அவள் ஒரு தாளை நீட்டினாள்.

"இது ஜெராக்ஸும்மா."

மற்றதை நீட்டினாள்.

"இதுவும் ஜெராக்ஸ். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எட்த்துனு வந்தியா?"

"இல்ல சார். சார் வூட்டு மிஷின்ல எட்த்தது. ரெண்டும் ஒரிஜினலாம்."

"ரெண்டு ஒரிஜினல் எப்டிம்மா இருக்கும்? ரெண்டு பாஸ்போர்ட் வெச்சிருந்தா உள்ள தூக்கி வெச்சிடுவான்."

அப்போது நான் முன்னே வந்தேன். மௌனத்தையே வாழ்க்கையாகக் கொண்ட நான், வாழ்நாளில் ஒரே ஒருமுறை விரிவாகப் பேசினேன். டிஜிட்டல் கையொப்பம், மூலத்தின் தன்மை, வண்ணம் என்பது தற்செயல், உள்ளடக்கமே சாரம். வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அன்புக்கரசி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கம்முனு இரு சார். உனக்குப் புண்ணியமாப் போவும்."

கவுண்டர்க்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சார் படிச்சவரு, கரெக்டா சொல்றாரு. ரெண்டும் ஒண்ணுதான்னு அவரே ஒத்துக்கினாரு. நீ போய் ஒரிஜினல எட்த்துனு வா."

சாலையைக் கடந்து ஹபீபுர் ரஹ்மானின் கடைக்குப் போனோம். கடைசி நாள் கூட்டம் நடைபாதை வரை நின்றது. எங்களுக்கு முன்னால் இருபது பேருக்குக் குறையாது. "ஒரு மணிக்கு வந்திருந்தா ஈ ஓட்டிக்கினு இருந்தேம்மா" என்றார் அவர். அன்புக்கரசி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அவள் முறை வந்தது. அவர் அவள் போனிலிருந்து சான்றை வாங்கி, தடித்த தாளில் கலரில் அடித்தார். முத்திரை பச்சையாக வந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையோடு கண்ணாடியில் வைத்துக் கறுப்பில் ஒரு நகல் எடுத்தார். "இது ஒரிஜினல். இது ஜெராக்ஸ். யாரு கேட்டாலும் முழிக்காத, போய்க்கினே இரு." நான்கு நிமிடம். அந்த இரண்டு வாக்கியங்களை என் அலமாரி முழுவதையும் வைத்துக்கொண்டு நான் சொல்ல முடியாமல் போனேன்.

அவள் ஓடினாள். நடுச்சாலையில் ஷேர் ஆட்டோக்கள் விடவில்லை. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. கவுண்டர்க்காரர் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். தாள்களை வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இப்ப கரெக்டா கீது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அஞ்சு ஆயிடுச்சேம்மா. பட்டியல மேல அனுப்பிட்டாங்க" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அன்புக்கரசி இப்போது ஊருக்கு வெளியே ஐந்தாவது மாடியில் இருக்கிறாள். எங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டாள். வந்து போகக் கட்டுப்படியாகவில்லை. தமிழ்நிலா சில மாதம் பஸ்ஸில் வந்து போனாள். தேர்வு எழுதினாளா என்று தெரியவில்லை. கேட்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. கவுண்டர்க்காரருக்குப் பதவி உயர்வு வந்தது. ஹபீபுர் ரஹ்மான் கடையை ஒரு ஷட்டர் அகலப்படுத்தினார். சௌந்தரராஜன் 'அனைவருக்கும் அச்சு' திட்டத்துக்காக ஃபெடரேஷனில் கேடயம் வாங்கினார். விழா மலரில் அன்புக்கரசியின் படம் வந்தது, கலரில். பிரிண்டர் நலமாக இருக்கிறது. போன வாரம் அதை விற்ற நிறுவனம் கருத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்பியது. நிறைகள் என்ற இடத்தில் ஏழு எழுதினேன். குறைகள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.