மாட்டுக்கு ஒரு நர்ஸ்

வாங்காத டிகிரிக்குப் பட்டப்பெயர் வாங்கிய ஆள் திண்டிவனம் வட்டாரத்திலேயே ஒருத்திதான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு டிகிரி. இரண்டில் ஒன்றும் கைக்கு வரவில்லை; பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ‘டபுள் டிகிரி’ என்றால் மொட்டை மாடியிலிருந்து குரல் வரும்.

கரண்ட் வந்தால் ஊரே கைதட்டிய காலம் அது. திண்டிவனத்தில் எங்கள் விடுதி. நான் ஆங்கிலம் முதலாண்டு, அவள் விலங்கியல் கடைசி ஆண்டு. ஒரே அறை. அவளுடைய அப்பா பிரம்மதேசத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். அவர்கள் ஊரில் மாதா கோயில் மணியடித்தால் பாதிப் பெண்கள் வேலூரிலும் துபாயிலும் டியூட்டியில் இருப்பார்கள். வீட்டுக்கு ஒரு நர்ஸ். எனவே மகளுக்கு நர்சிங் ஆசை என்றதும் மனிதர் மகிழ்ந்துதான் போனார். நோயாளி யார் என்று தெரியும்வரை.

“மாட்டுக்கா?” என்றார், விடுதிக்கு மகளைப் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“மாடு, நாயி, பூனை எல்லாத்துக்கும்பா. வெளிநாட்டுல. ஒரே படிப்புல நர்ஸ் டிகிரி ஒண்ணு, சயின்ஸ் டிகிரி ஒண்ணு. டபுள் டிகிரி.”

“ஊருல அத்தினி பொண்ணுங்களும் மனுசனுக்கு நர்ஸா போய்க்கினு இருக்குது. உனுக்கு மட்டும் இன்னாம்மா கொறை?”

“மனுசன் எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லிடுவான். அதுல இன்னாப்பா இருக்குது?”

அவர் உதவிக்கு என் முகத்தைப் பார்த்தார். நான் உதவிக்குக் கூரையைப் பார்த்தேன்.

கல்விக் கட்டணத்தை அவள் சேர நினைத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே ஏற்கும் ஒரு திட்டம் இருந்தது. ஆனால் நேர்காணலில் ஒரு நாயை எப்படிப் பிடித்து நிறுத்திப் பரிசோதிப்பது என்று விளக்க வேண்டும். பயிற்சிக்கு நாய் வேண்டும். அறையில் இருந்தது நான்.

ஒரு மாலை மேசையின் மேல் நான்கு காலில் நின்றுகொண்டிருந்தேன். கடிக்காமல் இருக்க என் துப்பட்டாவாலேயே என் வாயைக் கட்டியிருந்தாள். ஒரு கை என் கழுத்தைச் சுற்றி, இன்னொரு கை என் காதில். கதவைத் திறந்துகொண்டு வார்டன் வந்தார்.

“இன்னா நடக்குது இங்க?”

“காது பரிசோதனைங்க மேடம். கொஞ்சம் மெதுவா பேசுங்க, பயந்துக்கும்.”

“ஏம்மா, நீ சொல்லு. இன்னா இது?” என்று வார்டன் என்னைக் கேட்டார். வாய் கட்டியிருந்ததால் என் தரப்பு நியாயம் பதிவாகவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு வாரம் மெஸ் பாத்திரம் கழுவும் தண்டனை. கழுவும்போதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, “துடிப்பு ஜாஸ்தியா கீது. நாய்க்கு இது நார்மல்” என்றாள்.

அடுத்த பேஜாரு, அனுபவச் சான்றிதழ். நாய், பூனை மாதிரி வீட்டுக்குள் வளர்க்கும் பிராணிகளைக் கவனித்திருக்க வேண்டும்; உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே மாடும் ஆடும் வரிசையில் நின்றன. நாய் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊரில் நாய் தெருவுக்குச் சொந்தம். தெரு எங்கே போய்க் கையெழுத்துப் போடும்?

டீக்கடை வாசலில் படுத்திருந்த செவலை நாயின் சொறியை அவள் மருந்து போட்டு ஆற்றியிருந்தாள். கடைக்காரரிடம் போய் நின்றாள்.

“அண்ணே, இது உங்க நாயின்னு ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே.”

“எந்நாயா? தெனம் பொறை போடறேன், அவ்ளோதான்.”

“அதாண்ணே வளக்கறது.”

“இன்னிக்குப் போட்டுடுவேன். நாளைக்கு அது எவனையாச்சும் கடிச்சா, கையெழுத்துப் போட்டவன் யாருன்னு என் கடையில வந்து நிப்பானுங்க. நீ டீ குடிச்சியா, ஜல்தியா கெளம்பு.”

கடைசியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் பொமரேனியன் ஒன்று இருப்பது தெரிந்தது. பெயர் சுல்தான். வெள்ளைப் பஞ்சு மூட்டைக்குள் யாரோ கத்தரிக்கோலை ஒளித்து வைத்த மாதிரி இருக்கும். முதல் நாளே அவளுடைய கையைக் கடித்தது. நான் அழுதேன். அவள் ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தாள்.

“எதுக்குடி அழுவுற? இதுவும் அனுபவம்தான். இத்தையும் எழுதிக்கலாம்.”

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸம்மாவிடம், நாய்க்குப் போட்டால் எந்த இடத்தில் போடுவீர்கள் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்த ஊசிகள் முடிவதற்குள் சுல்தான் அவள் மடியில் கால் நீட்டி நகம் வெட்டிக்கொண்டது. தலைமையாசிரியர் ஆனந்தக் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டார். அவரை அது இன்னும் கடித்துக்கொண்டுதான் இருந்தது.

நேர்காணல் பிரவுசிங் சென்டரில் நடந்தது. அன்றைக்கு ஏதோ அதிசயம், கரண்ட் போகவில்லை. சில வாரங்களில் மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. இரண்டு டிகிரிக்கும். அவளுடைய அப்பா ஒரு கோணி நிறைய மல்லாட்டை கொண்டுவந்து விடுதிக்கே வேகவைத்துக் கொடுத்தார். “மாட்டுக்கோ மனுசனுக்கோ, நர்ஸு நர்ஸுதானே” என்று வார்டனிடமே வாதாடினார்.

மிச்சம் இருந்தது விசா. அங்கேயே தங்கிவிட மாட்டேன், படித்து முடித்துத் திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்ப வைத்தால் போதும். விடுதியே கூடி அவளுக்குப் பாடம் எடுத்தது.

“திரும்பி வந்து இன்னா பண்ணுவேன்னு கேப்பாங்கக்கா. மெட்ராஸ்ல பெரிய நாய் ஆஸ்பத்திரில எனுக்கு வேலை ரெடியா இருக்குதுன்னு சொல்லிடு” என்றேன்.

“இல்லியேடி.”

“இருக்குதுன்னு சொல்றதுதான்.”

“அவரு நம்பிட்டா பாவம்டி.”

நேர்காணல் சென்னையில். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான் காத்திருந்தேன். குதித்துக்கொண்டு வந்தாள்.

“சூப்பரா சொன்னேன்டி. படிச்சிட்டு உங்க ஊர்ல இன்னா வேலைக்குப் போவேன்னு கேட்டாரு. எங்க ஊர்ல அந்த வேலையே கெடையாதுங்கன்னேன்.”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். “அப்புறம்?”

“அப்போ எதுக்குத் திரும்பி வருவேன்னாரு. கெடையாதுன்றதாலதாங்க வருவேன்னேன். ஆளு அப்படியே எழுதிக்கினாரு.”

ஆள் அப்படியேதான் எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்க மறுபடியும் சென்னைக்குப் போனோம். கூடவே ஒரு தாள். அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை சொந்த ஊரில் இல்லையென்று விண்ணப்பதாரரே கூறுவதால், அவர் நாடு திரும்புவார் என்று நம்ப முடியவில்லை. அவ்வளவுதான். மறு வருடமும் முயன்றாள். அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குமேல் பல்கலைக்கழகம் இடத்தை வைத்திருக்கவில்லை.

ஆனால் என் நினைவில் நிற்பது அந்த முதல் முறை பாஸ்போர்ட்டோடு திரும்பிய பஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகச் சாலையோரத்து மாடுகளையெல்லாம் பார்த்து, இதற்கு மடிநோய், அதற்குக் குளம்பு சரியில்லை என்று ஓடுகிற பஸ்ஸிலிருந்தே வைத்தியம் சொல்லிக்கொண்டு வருவாள். அன்று மதுராந்தகம் தாண்டி ஒரு மந்தை குறுக்கே வந்து பஸ்ஸையே நிறுத்தியது. அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மந்தை விலகிப் பஸ் கிளம்பியதும், “நீ சொல்லுடி. நான் வந்திருப்பேன்தானே?” என்றாள்.

“மொத பஸ்ஸுல வந்திருப்பக்கா.”

“அத்த எப்படிடி எழுதிக் காட்றது?”

ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவள் நான்தான், ஆனாலும் தெரியவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

“திண்டிவனம்லாம் எறங்கு, திண்டிவனம்” என்று கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார். எங்கள் இருக்கையருகே நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னேன்: “விழுப்புரம் ரெண்டு குடுங்கண்ணே. தூங்கட்டும்.”